தொட்டிகளுக்கு நடுவே விட்ட வழி

திருநின்றவூர்
செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பரத்,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள் கண்ணா, மணி பன்னிரண்டாகப் போகிறது, எழுத்து கொஞ்சம் கோணல்மாணலாகத்தான் இருக்கும், பகலில் உட்கார்ந்தால் இரண்டு வரி எழுதுவதற்குள் குக்கர் கூப்பிடும், இல்லை உன் தங்கை கூப்பிடுவாள். இங்கே நான், உங்கப்பா, நிஷா மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே புனேயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, காயத்தில் வலி அடங்கி, புரளாமல் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், அது நிஜமாகவே இருக்கட்டும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் செய்தால் நீ "ம்", "சாப்ட்டேன்", "அப்புறம் பேசறேம்மா" என்று முடித்துவிடுகிறாய், நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடுகிறது. காகிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீ வைக்க முடியாது அல்லவா. போன வாரம் உன் அறையில் தங்கியிருக்கும் ராகேஷிடம் பேசினேன், ஐயப்பன்தாங்கல் பிள்ளையல்லவா, வீட்டுப் பிள்ளை மாதிரி எல்லாம் சொல்கிறான், "லீவு இன்னும் ரெண்டு மாசம் கீது ஆன்ட்டி, ஆனா ஊட்டுக்குப் போகலன்றான், தீபாவளிக்கும் வரலயாம்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். அவனைத் திட்டாதே, தோண்டித் தோண்டிக் கேட்டது நான்தான். நீ ஏன் வரமாட்டேன் என்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆனால் நேராக அங்கே போக எனக்குத் தைரியம் வரவில்லை, வாசலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அந்த விபத்துக்கு அப்புறம், ஜூலையில் உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து அறைக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு நான் ஊர் திரும்பினேனே, அந்த வாரமே நம் வாசலை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். கேட்டுக்கும் படிக்கும் நடுவில் இருக்கிற சிமெண்டுத் தரையைத்தான் சொல்கிறேன், அகலம் பன்னிரண்டடி, உள்வாட்டில் ஒன்பதடி, இத்தனை வருஷமாக அதில் என்ன இருந்தது, உங்கப்பாவின் வண்டி, செருப்புக் குவியல், காலித் தண்ணீர் கேன்கள். டாக்டர் நீ தினமும் வெளிக்காற்றில் கொஞ்சம் நடக்க வேண்டும், உட்கார வேண்டும் என்றார், மாடிப்படி இப்போதைக்கு முடியாது, அதனால் அந்த இடத்தையே உனக்கு ஒரு தோட்டமாக ஆக்கிவிடலாம் என்று தோன்றியது. ஒரு சாண்கூட மண் தரை கிடையாது, எல்லாம் தொட்டியில்தான். செம்பரம்பாக்கம் போகிற சாலையில் இருக்கிற நர்சரிக்கு நானும் நிஷாவும் போய் அரேகா பாம் எட்டு, சங்குப்பூக் கொடி, குண்டுமல்லி, செம்பருத்தி, கற்பூரவல்லி எல்லாம் ஷேர் ஆட்டோ ஒன்றை அப்படியே பிடித்துக்கொண்டு ஏற்றி வந்தோம், ஆட்டோவுக்குள் நாங்கள் இருப்பதே தெரியவில்லை, செடிதான் திருநின்றவூருக்கு வந்தது. பெயிண்ட் டப்பாக்களை உங்கப்பா கம்பெனியிலிருந்து வாங்கி வந்து அடியில் ஐந்தைந்து ஓட்டை போட்டுக் கொடுத்தார், செம்மண், தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் மூன்றையும் கலந்து நான் நிரப்பினேன். பத்தே நாளில் கேட்டோரம் வைத்த பாம் எட்டுக்கும் இலை நுனி கருகிவிட்டது. மேற்குப் பார்த்த வாசல், மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக அடிக்கும், நிழல் கேட்கிற செடியைக் கொண்டுபோய் அங்கே வைத்திருக்கிறேன், இதைத் தாவரவியல் பட்டம் வாங்கியவள் செய்திருக்கிறேன். உன்னை ஏழு மாதம் வயிற்றில் வைத்துக்கொண்டு கடைசி வருஷப் பரீட்சை எழுதினேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, உங்கப்பா அதையே பிடித்துக்கொண்டு, "அன்னிக்குப் பரீட்சைய எழுதுனது நீயா, உள்ள இருந்த பரத்தா" என்று இரண்டு நாள் கேலி செய்தார்.

இலை கருகியும் நான் அந்தப் பாம்களை இடம் மாற்றவில்லை, அதுதான் விஷயம். கேட்டோரம் வரிசையாக நிறுத்தி, இடைவெளியில் கம்பி வலை கட்டிச் சங்குப்பூவை ஏற்றிவிட்டேன், ஆகஸ்ட் முடிவதற்குள் ஆளுயரத்துக்குப் பச்சையாக அடைத்துக்கொண்டது, தெருவில் போகிறவர்களுக்கு நம் வீட்டுக் கதவே தெரியாது. அதற்குப் பின்னால் உனக்கென்று ஒரு கை வைத்த நாற்காலி. யார் கேட்டாலும் வெயிலுக்கு மறைப்பு என்றேன். எதிர்வீட்டு வேம்புலியம்மாள் சும்மா இருப்பாரா, அவர் வாசலில் நாற்காலி போட்டால் நேராக நம் வீடுதானே, "இன்னாமே அருளு, ஊட்டுக்கு முன்னாடி காடு வளத்துகினு கீற, நாளைக்குப் பாம்பு வந்து குட்மார்னிங் சொல்லப் போவுது பாரு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார், நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். படிக்குச் சரிவு கட்டக் கொத்தனார் கோவிந்தனைக் கூப்பிட்டேன். மழை வெள்ளத்துக்குப் பயந்து நம் தரையை ஓரடி உயர்த்திக் கட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும், அந்த ஓரடிக்குத்தான் சரிவு. அவர் எதற்கு என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, இந்தப் பக்கம் சரிவு என்றால் வண்டி ஏற்றத்தானே, அவர் நான்கே அடியில் செங்குத்தாக ஒன்று போட்டுக் கொடுத்துவிட்டு, "கவலப்படாதக்கா, புல்லட்டே சர்ருன்னு ஏறிக்கும்" என்று மீசையை நீவிக்கொண்டு போனார். நான் ஏன் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். தெருவில் எல்லாரிடமும் உனக்கு எலும்பு முறிவு, கட்டுப் போட்டிருக்கிறார்கள், சீக்கிரம் சரியாகிவிடும் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்ற வாக்கியத்தை இந்தத் தெருவில் ஒருவரிடமும் என் வாய் சொல்லவில்லை.

இந்த மாசம் முதல் வாரத்தில், எல்லாம் தயார், ஒரு தடவை நடந்து பார்த்துவிடலாம் என்று, பக்கத்துத் தெரு பிசியோதெரபிக்காரரிடம் ஊன்றுகோல் ஒரு ஜோடி இரவல் வாங்கி வந்தேன். காலை ஆறு மணி, வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்த கையோடு, என் இடது காலை மடக்கி நிஷாவின் துப்பட்டாவால் கட்டிக்கொண்டேன். அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். கேட்டிலிருந்து படி வரைக்கும் ஒன்பதடிதானே பரத், அதற்கே எனக்குக் கக்கம் இரண்டும் எரிந்தது, நீ மூன்று மாதமாக இதைச் செய்கிறாய். வண்டிக்கும் தொட்டிக்கும் நடுவில் ஊன்றுகோல் நுழையவில்லை, ஏனென்றால் நான் வழி விட்டது வண்டியின் ஹேண்டில்பாருக்குக் கணக்குப் பார்த்து, உன் தோளுக்கு இல்லை. தட்டி முட்டிச் சரிவு வரைக்கும் போய் ஒரு கோலை ஊன்றினேன், தெளித்த ஈரமும் தொட்டித் தண்ணீர் வடிந்து பிடித்த பாசியும் சேர்ந்து சறுக்கிவிட்டது, முழங்கையில் தோல் பெயர்ந்தது, இப்போது ஆறிவிட்டது, பயப்படாதே. வேலைக்குக் கிளம்பி வெளியே வந்த உங்கப்பா நான் துப்பட்டா கட்டோடு தரையில் கிடப்பதைப் பார்த்து, கையில் சாப்பாட்டுப் பையோடு அப்படியே நின்றார். அப்புறம் பையை வைத்துவிட்டு, "நவுரு, நான் பாக்கறேன்" என்று ஊன்றுகோலை வாங்கிக்கொண்டார். அவரும் போய் வந்தார், அவருக்கும் அதே இடத்தில் இடித்தது. கோல்களைச் சுவரில் சாய்த்து வைத்தார். அன்றைக்கு அவர் ரயிலை விட்டுவிட்டார். வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு போய்த் தெருவில் சுவரோரம் நிறுத்தி உறை போட்டு மூடினார், ஞாயிறு தவறாமல் குழந்தை மாதிரி குளிப்பாட்டுவாரே, அந்த வண்டி, அன்றிலிருந்து வெளியேதான் நிற்கிறது.

அன்றைக்குச் சாயந்திரம் நிஷா, நான் மிச்சம் இருந்த வலைக்கும் கொடியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, கல்லூரிக்குப் போகிறவள் மாதிரி சுவரில் சாய்ந்துகொண்டு, பிளஸ் டூதான் படிக்கிறாள், "ஏம்மா, நம்மூட்டுக்கு வர்றது அண்ணனா, ஜாமீன்ல வர்ற கைதியா" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அவளோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலையில் அவள் பள்ளிக்கூடம் போன பிறகு உன் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். நின்றுகொண்டு பார்க்கும்போது அந்த இடம் அழகாகத்தான் இருந்தது. உட்கார்ந்து பார்த்தால் இலை, இலை, சிமெண்டு, அவ்வளவுதான், தெருவும் இல்லை ஆளும் இல்லை, ஆஸ்பத்திரியில் உன் கட்டிலைச் சுற்றி இழுத்துவிடுவார்களே ஒரு பச்சைத் திரை, அதற்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கீரைக்காரம்மா எதிர்வீட்டில் கூடையை இறக்கினார், நான் இலைக்கு இந்தப் பக்கம் இருப்பது தெரியாமல் வேம்புலியம்மாள் அவரிடம் பேச ஆரம்பித்தார். "அந்தப் புள்ளைக்குக் கால எடுத்துட்டாங்கோ, இவ எலும்பு முறிவுன்னு சொல்லிகினு கீறா, கேட்டா சிரிச்சிகினு உள்ள போயிட்றா. பெத்தவளுக்கே வெக்கமா கீதுன்னா அது எந்த மூஞ்சிய வெச்சிகினு ஊட்டுக்கு வரும், சொல்லு" என்றார். கீரைக்காரம்மா என்ன சொன்னார் என்று என் காதில் விழவில்லை. அவர்களுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது பரத். நான் மூன்று மாதமாக யாரிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே புரியவில்லை.

வெட்கம் இல்லை கண்ணா, சத்தியமாக அது வெட்கம் இல்லை, ஆனால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வெட்கம் எப்படித் தெரியுமோ அப்படியே நான் நடந்திருக்கிறேன், உன்னிடமும் அப்படித்தான் நடந்தேன். இனி நேராக எழுதிவிடுகிறேன். கட்டுப் பிரித்த அன்று, நர்ஸ் போர்வையை விலக்கினார், நீ காலைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு நொடி இருக்குமா, மூன்று இருக்குமா, திரும்பி உன்னைப் பார்த்தபோது நீ போர்வையை நீயே இழுத்து மூடிக்கொண்டிருந்தாய். அதற்கப்புறம் நான் இருந்த பதினெட்டு நாளும் நான் அறைக்குள் வந்தால் நீ போர்வையை இழுத்துக்கொள்வாய், நான் தெரியாத மாதிரி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். பிறந்து மூன்றாம் நாள் உனக்கு நான் முதன்முதலில் எண்ணெய் தடவியது அந்தக் காலில்தான், அது இல்லாத இடத்தை என்னால் சட்டென்று பார்க்க முடியவில்லை, அது என் பலவீனம், உன் குறை இல்லை. அந்த மூன்று நொடிக்கு என்னை மன்னித்துவிடு. நீ வீட்டுக்கு வரமாட்டேன் என்பதற்குத் தெரு காரணம் இல்லை, நான்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். தப்பாக நினைத்திருந்தால் திட்டி எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

அப்புறம் என்ன நடந்தது என்றும் சொல்கிறேன். வேம்புலியம்மாள் பேச்சைக் கேட்ட அன்றைக்கே வலையை அறுத்தேன். பாம் எட்டையும் ஒவ்வொன்றாக இழுத்துத் தெற்குப் பக்கம், பக்கத்து வீட்டு மாடி நிழல் விழுகிற இடத்துக்குக் கொண்டுபோனேன், வேம்புலியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார், கடைசித் தொட்டியை நகர்த்தியதும், "அப்பாடா, இப்பத்தான் ஊடு மாரி கீது, புள்ள எப்பமே வர்றான்" என்று கேட்டார். நான் கேட்டைத் திறந்து தெருவில் இறங்கி, அவருக்கு முன்னால் நின்று, "அவனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழ இல்லம்மா, கட்டை ஊனிக்கிட்டுத்தான் வருவான், எப்ப வருவான்னு தெரியல" என்றேன், ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு ஆறுதலும் சொல்லவில்லை, உச்சுக் கொட்டவில்லை, எழுந்து வந்து தெருவைப் பார்த்தார், "அப்ப இந்தப் பள்ளத்த ரொப்பணுமே, கட்ட மாட்டிக்கும்" என்றார். மறுநாள் அவர் மகன் இரண்டு சட்டி ஜல்லி கொண்டுவந்து கொட்டி மிதித்துவிட்டுப் போனான். கோவிந்தனையும் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "மொதல்லயே சொல்லக் கூடாதாக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டு, தான் போட்ட சரிவைத் தானே உடைத்தார். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டுமாம், நம்மிடம் அவ்வளவு இடம் ஏது, அதனால் வீட்டுச் சுவரை ஒட்டி எட்டடி போய், அங்கே நின்று திரும்பச் சமமாகக் கொஞ்சம் இடம் விட்டு, இன்னும் நாலடி ஏறிக் கதவுக்கு வருகிற மாதிரி சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கிறார், ஓரத்தில் கைப்பிடிக் கம்பி, மேலே வழுக்காமல் இருக்கத் துடைப்பத்தால் கோடு இழுத்துவிடுவாராம்.

மற்றதைப் பின்பக்கத்தில் படமாக வரைந்திருக்கிறேன், பார். தொட்டிகள் நடக்கிற பக்கம் ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றுக்கும் கீழே தட்டு. நாற்காலி பக்கம் ஹாலோ பிளாக் அடுக்கி மேலே கடப்பாக் கல் போட்டு, நீ உட்கார்ந்தபடியே கை எட்டுகிற உயரத்தில் மிளகாய், கத்தரி, கற்பூரவல்லி வைத்திருக்கிறேன், தண்ணீர் ஊற்றுவது உன் வேலை, சும்மா உட்கார்ந்து சாப்பிட விடமாட்டேன். கேட்டோரம் வெயில் தாங்குகிற செம்பருத்தியும் மல்லியும் மட்டும், அதுவும் இடுப்புக்கு மேல் போகாமல் வெட்டிவிடுவேன். காகிதப்பூ கேட்டாள் நிஷா, முள் சட்டையில் மாட்டும், வேண்டாம் என்றுவிட்டேன். காலையில் பதினொன்று வரைக்கும் வீட்டு நிழலே போதும், சாயந்திர வெயிலுக்கு மேலே பச்சை வலை கட்டியாகிவிட்டது, மேலே மட்டும், முன்னால் இல்லை. வாசல் தெளிப்பதையும் கோலத்தையும் கேட்டுக்கு வெளியே மாற்றிக்கொண்டேன், உள்ளே இனி ஈரம் கிடையாது. ஆனால் ஒன்று, முன்பக்கத்தைத் திறந்து வைத்திருப்பது என் முடிவு, உட்காரப் போகிறவன் நீ. யாரும் பார்க்காமல் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்று உனக்கே தோன்றினால் சொல், கூச்சப்படாதே, இரண்டு பாமை மறுபடி முன்னால் நகர்த்தக் கால் மணி நேரம் ஆகாது. அது உன் விருப்பமாக இருந்தால் எனக்கு வருத்தமே இல்லை, என் பயமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். காயத்தின் மேல் மாட்டுகிற உறையைத் தினமும் துவைத்து நன்றாகக் காய்ந்த பிறகு போடு, புனே மழையில் அரை ஈரமாக மாட்டிக்கொள்ளாதே, புண் வரும். குளியலறையில் ஒற்றைக்காலில் தத்தாதே, ராகேஷை ஸ்டூல் போட்டு வைக்கச் சொல். தினம் இரண்டு முட்டை. செயற்கைக்காலுக்கு அளவெடுக்க அங்கே தேதி கொடுத்தால் உடனே சொல், உங்கப்பா கிளம்பி வருவார், நானும் வரலாமா என்று நீதான் சொல்ல வேண்டும். கோயிலில் வேம்புலியம்மனை வேண்டிக்கொண்டிருக்கிறேன், நீ எங்கே இருந்தாலும் நிமிர்ந்து நட, நூறு வருஷம் நன்றாக இரு, என் ஆசீர்வாதமும் உங்கப்பாவின் ஆசீர்வாதமும் எப்போதும் உனக்கு உண்டு, நிஷா தூக்கத்திலேயே அன்பைச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்.

மறக்காமல் ஒன்று செய். நீ இரண்டு கோலையும் ஊன்றி நிற்கும்போது இந்தக் கோலின் வெளிப்பக்கத்திலிருந்து அந்தக் கோலின் வெளிப்பக்கம் வரைக்கும் எத்தனை அங்குலம் என்று ராகேஷை டேப் வைத்து அளக்கச் சொல். அந்த அகலத்துக்குத்தான் கோவிந்தன் சரிவு கட்டப் போகிறார், மழை பிடிப்பதற்குள் கட்ட வேண்டும், அது தெரியாமல் சுண்ணாம்புக் கோட்டோடு நிறுத்தி வைத்திருக்கிறோம். வேறு ஒன்றும் எழுத மனமில்லை என்றால் அந்த ஒரு எண்ணை மட்டும் எழுது, நீ வருகிறாய் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். சீக்கிரம் பதில் போடுப்பா.

உன் அம்மா,
வெ. அருள்மொழி